கூட்டம் வருமுன் வெள்ளோட்டம்

2019 ஜூலை 10, புதன்கிழமை. காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் தரிசனத்தின் பத்தாம் நாள். வரதராஜப் பெருமாள் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை நோக்கிச் சின்னக் காஞ்சிபுரத்தில் வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. அனந்தசரஸ் குளத்தின் அடியிலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வரும் பெருமாள் அவர். இதற்கு முன் 1979, அதற்கு முன் 1939. இந்த முறை விட்டால் இனி 2059தான். ஆகவே நடக்க முடிந்தவர், முடியாதவர் என்று எல்லோரும் வந்தார்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நீண்ட 48 நாள் வைபவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தரிசித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகையே சுமார் 1.64 லட்சம்தான். ஊர் தன்னைவிடப் பெரிய ஓர் ஊரை நாள்தோறும் வரவேற்று வழியனுப்பியது.

அதே புதன்கிழமை மாலை, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் திரண்டது. மான்செஸ்டரில் உலகக்கோப்பை கிரிக்கெட் அரையிறுதி. நியூசிலாந்துக்கு எதிராக டோனி ஆடிக்கொண்டிருந்தார். ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து ஸ்டம்பைத் தட்டியது, டோனி ரன் அவுட். சற்று நேரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது.

கூட்டம் கலைந்ததும் சர்வர்களுக்கு ஓய்வு என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது வேறு. ஆட்டத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் பின்செல்லும் பொத்தானை அழுத்துகிறார். உடனே செயலியின் முகப்புப் பக்கம் திறக்கிறது. இவர் யார், என்ன படம் பார்ப்பார், எதைப் பரிந்துரைப்பது என்று அந்தப் பக்கம் பல கேள்விகளைச் சர்வரிடம் கேட்கிறது. இரண்டு கோடிப் பேர் ஒரே சமயம் வெளியேறினால், அதுவரை சும்மா இருந்த சர்வர்கள் மீது அத்தனை கேள்விகளும் ஒன்றாக விழும். கோயிலில் உள்ளே வரும் வாசலைப் போலவே வெளியே போகும் வாசலும் நெரிசலுக்கு இடம் என்பது திருவிழா நடத்தியவர்களுக்குத் தெரியும். மென்பொருள் எழுதுவோர் அதைச் சோதனை செய்தே தெரிந்துகொள்கிறார்கள்.

அந்தச் சோதனைக்குப் பெயர் சுமைச் சோதனை. நம் ஊரில் இதற்கு முன்பே ஒரு சொல் உண்டு: வெள்ளோட்டம்.

தேர் ஓடும் முன்

புதிதாகச் செய்த தேரையோ பழுதுபார்த்த தேரையோ நேராகத் திருவிழாவுக்கு யாரும் எடுப்பதில்லை. சாமி ஏறுவதற்கு முன் ஒரு நாள் வடம் பிடித்து மாடவீதிகளில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முனகுகிறதா, திருப்பத்தில் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, முட்டுக்கட்டை போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எந்த மின்கம்பி உச்சியில் இடிக்கும் என்பதெல்லாம் அன்று தெரியும். தேர் ஓடுமா என்பது அதில் ஒரு கேள்வி. எங்கே மாட்டும் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

சர்வருக்கும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான பொய்ப் பயனாளர்களை ஒரு மென்பொருள் உருவாக்குகிறது. அவர்கள் உள்நுழைகிறார்கள், தேடுகிறார்கள், பணம் கட்டும் பக்கம் வரை போகிறார்கள். ஜேமீட்டர், கே6, லோக்கஸ்ட் ஆகியவை இதற்குப் பரவலாகப் பயன்படும் இலவசக் கருவிகள். லோக்கஸ்ட் என்றால் வெட்டுக்கிளி. பயிர் மீது வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்குவதுபோல் தளத்தின் மீது கூட்டத்தை இறக்குவதால் அந்தப் பெயர்.

ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் தங்கள் கருவிக்கு 'ஹல்க்' என்று பெயர் வைத்தார்கள். உலகின் எட்டுப் பகுதிகளில் அமேசான் கிளவுடிலிருந்து 3,000 சர்வர்களை வாடகைக்கு எடுத்தார்கள். மொத்தம் 1,08,000 சிபியுக்கள், 216 டெராபைட் நினைவகம். இவ்வளவும் ஆட்டத்தைக் காட்டுவதற்கு அல்ல, தங்கள் சொந்தத் தளத்தைத் தாங்களே நெருக்கிப் பார்ப்பதற்கு. உண்மையான கூட்டம் வரும்முன் பொய்க் கூட்டத்தை வரவழைத்து இடறும் இடங்களைக் கண்டார்கள்.

வரிசையின் கணக்கு

கூட்டம் ஏன் திடீரென்று முற்றுகிறது? இதற்கு விடை தேடியவர்களில் முன்னோடி ஏ.கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதவியலாளர். இத்தனை பேர் பேசும் ஊருக்கு எத்தனை தொலைபேசித் தடங்கள் வேண்டும் என்று கணக்கிடப் புகுந்து 1909இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு வளர்ந்தது.

ஒரே ஒரு சீட்டுக் கவுண்ட்டரை எண்ணிக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரியாக 10 நொடி வேலை. ஆட்கள் முன்னும் பின்னுமாக, ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். கவுண்ட்டர் பாதி நேரம் வேலையில் இருந்தால், வருபவர் நின்று சீட்டு வாங்கிப் போக 20 நொடி. 80 சதவீதம் வேலை இருந்தால் 50 நொடி. 90 சதவீதத்தில் 100 நொடி. 95இல் 200 நொடி. 99இல் 1,000 நொடி, அதாவது பதினாறு நிமிடத்துக்கும் மேல். பாதியிலிருந்து 80 வரை ஏறும்போது ஆகும் நேரம் இரண்டரை மடங்குதான். கடைசி நான்கு சதவீதத்தில் ஐந்து மடங்கு. ஆகவே, "நேற்று 90 சதவீதம் தாங்கியது, இன்று இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்ற நம்பிக்கை ஆபத்தானது. எந்தப் புள்ளிக்குப் பிறகு காத்திருப்பு செங்குத்தாக ஏறுகிறது என்பதை வெள்ளோட்டம் காட்டித் தர வேண்டும்.

இரண்டாவது விதி இன்னும் எளிது. அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது. உள்ளே இருப்போர் எண்ணிக்கை, வரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 10,000 பேர் வந்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து மணி நேரம் ஆனால், எந்நேரமும் 50,000 பேர் வரிசையில் நிற்பார்கள். அத்தனை பேருக்கும் நிழல், குடிநீர், கழிப்பறை வேண்டும்.

சர்வருக்குள்ளும் இதே கணக்கு. நொடிக்கு 2,000 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 0.2 நொடி என்றால் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவை 400. தரவுத்தளம் சற்றுத் திணறி ஒவ்வொன்றுக்கும் 3 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து ஒருவர்கூடக் கூடுதலாக வரவில்லை. ஆனால் உள்ளே 6,000 கோரிக்கைகள் நிற்கும், பதினைந்து மடங்கு. நினைவகம் நிறைகிறது, தளம் சாய்கிறது. கூட்டம் அதிகம் என்று பழி சொல்கிறோம். உண்மையில் ஒரு வாசல் தாமதித்ததுதான் காரணம்.

சர்வரில் நெருக்கத்தைக் காட்டும் எண் ஆள் கணக்கோடு நிற்பதில்லை. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதைக் கடந்த அனைவருக்கும் அரசின் கோவின் தளத்தில் கோவிட் தடுப்பூசிப் பதிவு திறந்தது. முதல் மூன்று மணி நேரத்தில் தளத்துக்கு வந்த ஏபிஐ அழைப்புகள், அதாவது சர்வரிடம் கேட்ட கேள்விகள், 38.3 கோடி. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம். அந்த மூன்று மணி நேரத்தில் பதிவு செய்தவர்கள் சுமார் 80 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், வெற்றிகரமான ஒரு பதிவுக்கு ஏறத்தாழ 48 அழைப்புகள். ஓடிபி வராதவர் மீண்டும் கேட்டதும், பக்கம் திறக்காதவர் மீண்டும் தட்டியதும் அந்த 48இல் அடக்கம். எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கணக்கிட்டு வெள்ளோட்டம் விட்டவர் தேரின் எடையைக் கணக்கிட்டுவிட்டு வடம் இழுப்பவரின் வேகத்தை மறந்தவர் ஆவார்.

கோபுரம் பெரிது, திறந்தது திட்டிவாசல்

கோயில்களிலும் கோட்டைகளிலும் பெரிய கதவுக்குள் சிறியதாக ஒரு கதவு இருக்கும். அதன் பெயர் திட்டிவாசல். பெரிய கதவைச் சாத்தி அதை மட்டும் திறந்தால் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்துதான் போக வேண்டும். மேலே கோபுரம் எத்தனை நிலை உயர்ந்திருந்தாலும் வரிசைக்கு அதனால் பயனில்லை.

கிளவுடில் 64 கோர் உள்ள பெரிய இயந்திரத்தை நிமிடங்களில் வாடகைக்கு எடுத்துவிடலாம். அதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை அப்படியே நிறுவினால் அது ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகள் 100 மட்டுமே. மைசீக்வல் என்றால் 151. பல லினக்ஸ் அமைப்புகளில் ஒரு செயல்முறை ஒரே சமயத்தில் திறந்து வைக்கும் கோப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் இயல்பான வரம்பு 1,024. இவை தொழிற்சாலை வைத்து அனுப்பிய எண்கள். சின்ன இயந்திரத்திலும் பத்திரமாக ஓட வேண்டும் என்று வைத்தவை. அவற்றை மாற்றாமல் பெரிய இயந்திரத்துக்கு வாடகை கட்டுபவர், ராஜகோபுரத்துக்குப் பணம் கொடுத்துத் திட்டிவாசல் வழியாக ஆள் விடுகிறார்.

அதற்காக எல்லா எண்களுக்கும் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்ப்பதும் தவறு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனிச் செயல்முறை, ஒவ்வொன்றும் நினைவகம் தின்னும். பத்தாயிரம் இணைப்புகளை அனுமதித்தால் இயந்திரம் இணைப்புகளைப் பராமரிப்பதிலேயே மூச்சு வாங்கும். அதனால் இடையில் ஓர் இணைப்புக் குளம் வைக்கிறார்கள். ஐம்பது இணைப்புகளைத் திறந்தே வைத்து, வரும் கோரிக்கைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு அது. எத்தனை இணைப்புகள் வைப்பது? எந்தப் புத்தகமும் உங்கள் தளத்துக்கான எண்ணைச் சொல்லாது. ஓர் எண்ணை மாற்று, வெள்ளோட்டம் விடு, அளந்து பார், அடுத்த எண்ணுக்குப் போ. ஒரு வாசலை அகலமாக்கினால் நெரிசல் அடுத்த வாசலுக்கு நகரும். அதையும் அகலமாக்க வேண்டும். சர்வரை அமைத்தல் என்பது இந்தப் பொறுமையான வேலைதான்.

அளக்கும்போது சராசரியை நம்பக் கூடாது. நூறு பேரில் 95 பேருக்கு அரை நொடியிலும் 5 பேருக்கு 20 நொடியிலும் பக்கம் திறந்தால் சராசரி ஒன்றரை நொடிக்கும் குறைவு. அறிக்கையில் அழகாக இருக்கும். அந்த ஐந்து பேர் வேலை முடியாமல் திரும்பியிருப்பார்கள். ஆகவே தேர்ந்த பொறியாளர்கள் நூற்றில் 99ஆவது ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கிறார்கள்.

சோதனைக் கருவியும் ஏமாற்றலாம். பல கருவிகளில் பொய்ப் பயனாளர் ஒரு பதில் வந்த பிறகே அடுத்த கேள்வியைக் கேட்பார். சர்வர் திணறினால் அவரும் பொறுமையாகக் காத்திருப்பார், சுமை தானே குறைந்துவிடும். நிஜ உலகில் முன்னால் நிற்பவர் தாமதித்தார் என்பதற்காகப் பின்னால் வரும் பேருந்து நிற்பதில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நொடிக்கு இத்தனை பேர் வந்துகொண்டே இருக்கும்படி சோதனையை அமைக்க வேண்டும்.

ஒரு புடவை, இரண்டு பேர்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் விடியற்காலையில் தெருவில் பாவு, அதாவது தறியின் நெடுக்கு இழைகளை, நீட்டுவார். கஞ்சி ஏற்றி, இழைகளைப் பிரித்து, அறுந்த இழை தென்பட்டால் அங்கேயே முடிந்துவிடுவார். தறியில் ஏற்றிய பிறகு, பாதிப் புடவை நெய்த நிலையில் இழை அறுந்தால் அது துணியில் குறையாகத் தங்கும். தெருவில் அறுந்தால் ஒரு முடிச்சோடு போயிற்று. தளத்தின் வெள்ளோட்டமும் அப்படித்தான்.

அதே நெசவாளர்களின் சங்கம் ஒன்று தன் புடவைகளை இணையத்தில் விற்பதாகக் கற்பனை செய்வோம். தீபாவளித் தள்ளுபடி மாலை 6 மணிக்குத் தொடக்கம். ஐந்து நிமிடத்தில் 3,000 பேர் வந்தால் நொடிக்குப் பத்துப் பேர். சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஜரிகைக் கரையும் முந்தியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் 40 படங்கள் வைத்திருக்கிறார்கள். நொடிக்கு 400 கோரிக்கைகள் ஆயிற்று. இதற்குப் பெரிய சர்வர் வாங்க வேண்டியதில்லை. படங்களைச் சுருக்கி, பல ஊர்களில் நகல் வைத்து வழங்கும் சேவையிடம் ஒப்படைத்தால் சொந்தச் சர்வருக்கு அந்தச் சுமையே வராது.

அடுத்த சிக்கல் நுட்பமானது. ஆலைத் துணியில் ஒரே வடிவத்தில் ஆயிரம் இருக்கும். கைத்தறிப் பட்டில், குறிப்பாகக் கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் பிணைக்கும் கோர்வைப் புடவையில், அந்த நிறச் சேர்க்கையில் ஒன்றுதான் இருக்கக்கூடும். 6 மணி 2 நிமிடத்தில் சேலத்திலிருந்து ஒருவரும் சிங்கப்பூரிலிருந்து ஒருவரும் அதே புடவைக்குப் பணம் கட்டுகிறார்கள். "இருப்பு உண்டா?" என்று இருவரும் ஒரே கணத்தில் கேட்க, தளம் இருவருக்கும் "உண்டு" என்கிறது. ஒரு புடவை இரண்டு முறை விற்றுப்போகிறது. ஓர் ஆள் உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது. கூட்டத்தில்தான் தெரியும். முதலில் கேட்டவருக்காகச் சில நிமிடங்கள் அந்தப் புடவையைப் பூட்டிவைப்பது தரவுத்தளத்துக்குச் சுலபம். பூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளோட்டம் வேகத்தை மட்டும் சோதிப்பதில்லை, நாணயத்தையும் சோதிக்கிறது.

சில பிழைகள் நாள்பட்டே வெளிவரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் துளித் துளியாக நினைவகத்தைத் திருப்பித் தராத மென்பொருள் ஒரு மணி நேரச் சோதனையில் தேறிவிடும், மூன்றாம் நாள் விழுந்துவிடும். எனவே இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து ஓட்டும் சோதனையும் தேவை. அத்தி வரதர் வைபவம்போல 48 நாள் நீளும் நிகழ்வுக்கு முதல் நாள் ஒத்திகை மட்டும் போதாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொந்தத் தளத்தை நெருக்கிப் பார்ப்பது சோதனை. அடுத்தவர் தளத்தை அனுமதியின்றி அப்படிச் செய்தால் அது தாக்குதல். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43, அதைத் தடுக்கிறது.

முட்டுக்கட்டையும் பெருந்தன்மையும்

கூட்டம் ஏறும்போது கிளவுட் தானாகவே சர்வர்களைக் கூட்டும் வசதி உண்டு. நல்ல வசதிதான். ஆனால் புதுச் சர்வர் எழுந்து, மென்பொருளை ஏற்றி, வேலைக்குத் தயாராக ஓரிரு நிமிடமாவது ஆகும். ஹாட்ஸ்டாரில் அந்த அரையிறுதியின்போது நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் வரை கூடினார்கள். ஆகவே அவர்கள் தானியங்கி வசதியை மட்டும் நம்பவில்லை, வரப்போகும் கூட்டத்துக்கு முன்பே சர்வர்களை ஏற்றி வைத்தார்கள். அத்தி வரதர் வைபவத்துக்கு ஓரிக்கையிலும் ஒலிமுகமதுபேட்டையிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்களை முன்கூட்டியே அமைத்து, வெளியூர் வண்டிகளை நகரின் விளிம்பிலேயே பிரித்து நிறுத்தியதும் இதே அறிவுதான்.

அதையும் மீறிக் கூட்டம் வந்தால்? அப்போது எதை விடுவது என்று முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். ஹாட்ஸ்டார் பரிந்துரைப் பட்டியல் போன்றவற்றை அணைத்துவிட்டு ஆட்டத்தின் காட்சியை மட்டும் காப்பாற்றும் ஏற்பாட்டை வைத்திருந்தது. தேர்வு முடிவுத் தளத்தில் மதிப்பெண் வந்தால் போதும், அமைச்சர் படமும் ஓடும் எழுத்தும் வேண்டாம். மிஞ்சியவரை "உங்கள் வரிசை எண் இது, இத்தனை நிமிடம் ஆகும்" என்று நேர்மையாகச் சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்துவது மரியாதை. எல்லோரையும் உள்ளே விட்டு எல்லோருக்கும் வெள்ளைத் திரையைக் காட்டுவது அவமதிப்பு. செயலியும் தோற்ற கணமே மீண்டும் தட்டாமல், 1 நொடி, 2 நொடி, 4 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். அதுதான் தேரின் முட்டுக்கட்டை.

உலகின் பெரும் பணக்கார அரசாங்கமும் இதில் தவறியிருக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் முழுமையாகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஆறு பேர். திறப்பதற்கு முன் நடந்த சோதனையில் சில நூறு பேர் சுமைக்கே தளம் விழுந்திருந்தது. குறை தெரிந்திருந்தும் தேதியைத் தள்ளாமல் திறந்தார்கள். வெள்ளோட்டத்தில் அச்சு முறிந்த தேரில் சாமியை ஏற்றிய கதை.

2019 ஜூலை 18 அன்று அத்தி வரதர் கூட்ட நெரிசலில் உயிர்கள் போயின. வரிசை என்பது உயிருள்ள மனிதர்கள் என்பதை அது நினைவூட்டியது. இணையத்தின் வரிசையிலும் மனிதர்களே நிற்கிறார்கள். தடுப்பூசிக்காகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, தேர்வு முடிவுக்காக இணைய மையத்தில் நிற்கும் பையன், நலத்திட்ட விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர். நல்ல கைப்பேசியும் வேகமான இணைப்பும் உள்ளவர் எப்படியோ புகுந்துவிடுவார். தளம் திணறும்போது வெளியே நிற்பவர் எப்போதும் வசதி குறைந்தவர்தான்.

2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சிறுசேரியில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. நம்மிடம் இயந்திரம் இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். குறைவது ஒரு வழக்கம் மட்டுமே. மக்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு அரசுத் தளத்தின் ஒப்பந்தத்திலும் சுமைச் சோதனை ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டும். எத்தனை பேர் சுமையில் சோதித்தோம், நூற்றில் 99ஆவது ஆளுக்கு எத்தனை நொடி ஆயிற்று என்று திறப்பதற்கு முன் பொதுவில் அறிவிக்க வேண்டும். மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் அது பழுதுபார்த்த தேர்தான், மறுபடி சோதிக்க வேண்டும். வெள்ளோட்டம் விடாத தேரில் நாம் சாமியை ஏற்றுவதில்லை. வெள்ளோட்டம் விடாத தளத்தில் மக்களையும் ஏற்ற வேண்டாம்.